வியாழக்கிழமைகளில் நூறு சதவீதம்

கை நடுக்கத்துக்காக என் கணவர் ஸ்ரீதரனின் மார்பில், தோலுக்கடியில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும். வயர் கிடையாது. வட்டமான சார்ஜரைச் சட்டைக்குள் விட்டு, கருவிக்கு நேராக ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பெல்ட் கட்டினால் அவருக்கு அரிக்கிறது. அதனால் நான்தான் கையால் பிடிக்கிறேன். அவர் என் பக்கத்தில் அசையாமல் உட்காருவது அந்த ஒரு மணி நேரம்தான். வீட்டுக்கு வந்த நர்ஸைக்கூட வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

போன மாதத்திலிருந்து வியாழக்கிழமை மட்டும், நான் சார்ஜரை எடுப்பதற்கு முன்பே அந்தக் கருவியின் சார்ஜ் நூறு சதவீதம் என்று என் செல்போன் காட்டியது.

“எங்க போயிட்டு வர்றீங்க?”

“பார்க்குக்குத்தான். வேற எங்க?”

சார்ஜர் என் பீரோவில் இருந்தது. சாவி என் இடுப்பில். இன்னொரு சார்ஜர் எவளிடம் இருக்கிறது?

இந்த வியாழக்கிழமை சார்ஜரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, நாகேஸ்வர ராவ் பூங்கா வரை அவர் பின்னாலேயே போனேன். அவர் பெஞ்சில் ஓர் ஓரமாக, பக்கத்தில் இடம் விட்டு, தனியாக உட்கார்ந்தார். மேல் பட்டன் இரண்டை அவிழ்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பின்பெஞ்சில் இருந்தேன். செல்போனில் அறுபத்தொன்று அறுபத்திரண்டானது. அறுபத்தாறில் எனக்குப் பொறுக்கவில்லை. போய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தேன்.

எண் நின்றுவிட்டது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“ஏன் கண்ணு, கைய எடுத்துட்ட?” என்றார்.

நாற்பது வருடத்தில் என்னை அவர் ஒரு நாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.