அக்கா வீட்டுப் படல்

"அங்கேயே நில்லு! உள்ளே காலை வெச்சே, நடக்கிறதே வேற!"

மூங்கில் படலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினாள் லோரெத்தா.

வெளியே நின்றவன் கூடப்பிறந்த தம்பி கிரிசாந்தோ. பிலிப்பைன்ஸின் பத்தங்காஸில் அன்று ஊர்த் திருவிழா. வாழையிலையில் சூடான பிபிங்கா அரிசிக் கேக் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, நான்தான்!"

"தெரியுது. ஊரெல்லாம் பன்னிங்களைக் கொல்ற காய்ச்சல், செருப்பு மண்ணுல ஒட்டிக்கிட்டே பரவுது. திரும்பிப் போ."

எதிர்வீட்டு பாசிங் சிரித்தாள். "அவளுக்குப் பன்னிதாம்ப்பா சொந்தம். தம்பியெல்லாம் அப்புறம்தான்."

தெருவே வேடிக்கை பார்த்தது. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அத்தான் செத்தப்போ சவப்பெட்டியைத் தூக்க நான் வேணும். இப்போ நோய் கொண்டு வர்றவன் ஆயிட்டேனா? என் பதினொரு பன்னியும் கல்லு மாதிரி இருக்கு, தெரியுமா?"

"சத்தம் போடாதடா. போ, போன்ல பேசறேன்."

அவன் படலை உதைத்துத் திறந்தான். முற்றத்துச் சேற்றை மிதித்துக்கொண்டு போய், பிபிங்காவைப் படியில் எறிந்துவிட்டுத் திரும்பினான்.

"டேய், செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுப் போடா! காலையாவது கழுவிக்கோ!" சோப்புத் தண்ணீர் வாளியோடு பின்னால் ஓடிவந்தாள். தெரு கொல்லென்று சிரித்தது.

வீட்டுக்குப் போன வேகத்தில், அதே செருப்போடு கொட்டிலுக்குள் இறங்கித் தீனி போட்டான். போன் அடித்தது. அக்கா. மறுபடியும் அக்கா. நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான்.

எட்டாம் நாள் ஒரு பன்றி தீனியைத் தொடவில்லை. காது ஊதா நிறமாகியிருந்தது. அடுத்த மூன்று நாளில் ஆறு செத்தன. மீதி ஐந்தையும் அரசாங்க ஆட்கள் கொன்று குழியில் தள்ளினார்கள்.

கிரிசாந்தோ நேரே அக்கா வீட்டுக்குப் போனான்.

"என்னுது எல்லாம் போச்சு! உன்னுதைப் பத்திரமாப் பார்த்துக்கிட்டியே, இப்போ சந்தோஷமா?"

லோரெத்தா அவனைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள்.

கொட்டில் காலியாகக் கிடந்தது. பக்கத்து மண்மேட்டில் புல்கூட முளைக்க ஆரம்பித்திருந்தது.

"திருவிழா அன்னிக்கு விடியக்காலைலதான் செத்துப்போன என் மூணு பன்னியையும் புதைச்சேன். தெருவுக்குத் தெரிஞ்சா, அரசாங்க ஆளுங்க வந்து சுத்துவட்டாரத்துப் பன்னியெல்லாம் கொன்னுடுவாங்க. உன் கொட்டிலும் அதுக்குள்ளதானேடா வருது!"