சாய்க்கலா...

கிடங்கு வாசலில் காலை வெயில் சரிந்து கிடக்கிறது. மேஸ்திரி புதுத் தாளை எட்டப் பிடித்து நிற்கிறார். வேலை தொடங்குமுன் சுமைக்காரர்களுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. விரல் எழுத்தெழுத்தாக ஊர்கிறது. "அமி...லப் பீப்பாயைச்... சாய்க்கலா..." அங்கே மூச்சு முட்டுகிறது. மீதியைக் குத்துமதிப்பாக முடிக்கிறார்: "சாய்க்கலாம்." இரண்டு பேர் நீலப் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துச் சாய்க்கிறார்கள். மேஸ்திரியின் தோளுக்குப் பின்னால் பெருக்கிக்கொண்டிருக்கும் அவர் தங்கச்சி துடைப்பத்தை வீசிவிட்டுப் பாய்கிறாள். "ஐயோ, விடுங்க! சாய்க்கலாகாதுன்னுல்ல போட்டிருக்கு!" பீப்பாய் தடாலென்று நிமிர்கிறது. உள்ளே அமிலம் சளக் சளக்கென்று அடங்குகிறது.

"என்ன மேஸ்திரி, பத்தாவது வரைக்கும் போனவருன்னு பீத்துனீங்க? மூணாவது படிச்ச அக்கா முந்திக்கிச்சே!" ஒருவன் சிரிக்கிறான். மூணாவதோடு அவளை நிறுத்தியவர் அப்பா. "ஆம்பளப் புள்ள படிக்கட்டும்" என்றார். அவள் செங்கல் சுமந்தாள், இவர் கடைசி பெஞ்சைத் தேய்த்தார். பொட்டலம் கட்டி வந்த தாளையெல்லாம் பிரித்துப் படித்தவளும் அவள்தான். "எங்கண்ணன் நல்லாவே வாசிப்பாரு. வயசாச்சில்ல, கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது. இன்னிக்கி வீட்லயே மறந்துட்டாரு" என்கிறாள், யார் முகத்தையும் பாராமல். அவர் சட்டைப்பையில் கண்ணாடி வெயில் பட்டு மின்னுகிறது. எல்லார் கண்ணும் அங்கே போகிறது. தாளை நெஞ்சோடு அணைத்து அதை மறைத்துக்கொள்கிறார்.