நெய் மினுக்கம்

கயிறு தரையில் அடிக்கும் சத்தத்தை மீறிச் செல்போன் அலறுகிறது: எடை பார்க்கும் நேரம். தங்கமயில் ஸ்கிப்பிங் கயிற்றை மூலையில் போட்டுவிட்டு, மூச்சிரைக்க எடை மெஷினில் ஏறுகிறாள். தாராவியின் இந்த மாடி அறைக்குள், நீலத் தார்ப்பாய் வழியாகக் கசியும் காலை வெளிச்சத்தில் எண்கள் துடித்துத் துடித்து நிற்கின்றன. எண்பத்திரண்டு. போன வாரமும் இதேதான். இன்னும் ஆறு கிலோ குறைந்தால்தான் அவளுடைய சிறுநீரகத்தை எடுத்து அவள் புருஷன் இசக்கிராஜுக்கு வைக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி என்று செல்போனில் குறித்துக்கொண்டு, டீக்குச் சர்க்கரையைக்கூட விட்டுவிட்டாள்.

"அளந்துதான திங்கேன், பின்ன ஏங்க எறங்க மாட்டக்கு?"

"மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். டென்ஷன் எடுக்காத," என்கிறான் இசக்கிராஜ், அடுப்பைவிட்டுத் திரும்பாமல். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை, அவள் தட்டில் சப்பாத்தியை வைக்கிறது. எண்ணெய் தொடாத சப்பாத்தி என்று தினமும் அவன்தான் சுட்டுத் தருகிறான். அவள் பிய்க்கிறாள். உள்மடிப்பு மினுங்குகிறது. விரலை முகர்ந்து பார்க்கிறாள். நெய். அரிசி டின்னுக்குப் பின்னால் பாட்டிலின் மஞ்சள் மூடி எட்டிப் பார்க்கிறது. கீழ்வீட்டில் தையல் மெஷின்கள் ஓடத் தொடங்கித் தரை அதிர்கிறது.

"ஒங்களுக்காகத்தானங்க இந்தப் பாடு படுதேன்!" அவள் தட்டைத் தள்ளி வைக்கிறாள்.

இசக்கிராஜ் கேஸை அணைக்கிறான்.

"நீ எளைச்சிட்டேன்னா, ஒன்னிய அறுத்துருவானுவள்லா மயிலு."