அண்ணனுக்குக் கிடைத்த நாற்காலி

"அண்ணனுக்கு வந்தா வியாதி, எனக்கு வந்தா சோம்பேறித்தனமா? என் உடம்பு என்ன இரும்புல வார்த்ததா?"

தம்பி பொருமினான். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவில்லை. "ஆஸ்பத்திரில போய் சண்டை இழுக்காதீங்க" என்றாள்.

"சண்டையா? உள்ளதைச் சொல்லப்போறேன்."

அண்ணனும் தம்பியும் ஒரே கிடங்கில் பதினாறு வருஷமாக மூட்டை தூக்குகிறவர்கள். பத்து நாளைக்கு முன்னால் சூப்பர்வைசர் அண்ணனை மட்டும் எடை மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். தம்பி முதுகு வளைந்து மூட்டையை இறக்குவான், அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து "நாற்பத்தொன்பதரை!" என்று கத்துவான். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் தம்பிக்கு வயிறு எரியும்.

டாக்டர் சீட்டு வந்தால்தான் அந்த இடம் நிலைக்குமாம். வீட்டு ஆள் ஒருத்தரும் கூட வரணுமாம். தம்பி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தானாகவே கிளம்பினான். அண்ணனைக் கிளப்பிவிட்டால் நாற்காலி காலி.

டாக்டரம்மா முன்னால் இருந்த ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்தான். "எனக்குக் கோர்வையாச் சொல்ல வராதும்மா. தம்பி சொல்லுவான்."

"தூக்கம் எப்படி?" டாக்டரம்மா தம்பியிடம் கேட்டாள்.

"மூணு மணிக்கு முழிப்புத் தட்டறதெல்லாம் ஒரு நோயாம்மா? நான் ரெண்டு வருஷமா விட்டத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் கிடக்கேன். நாற்காலியா கேட்டேன்?"

"காலையில எழுந்ததும் கை கால்?"

"கட்டை மாதிரி இருக்கும். விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். மூட்டை தூக்குறவன் கை பின்ன பூ மாதிரியா இருக்கும்?"

"சாப்பாடு? வீட்ல சிரிப்பு, பேச்சு?"

"சோறு மண்ணு மாதிரி இறங்குது. பிள்ளை மேல ஏறி விளையாடினா எரிஞ்சு விழறேன். சில நாள், மூட்டையோட விழுந்து அப்படியே எந்திரிக்காம இருந்துட்டா என்னன்னு..." தலையை உதறிக்கொண்டான். "யாருக்குத்தான் தோணாது?"

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "ஏதாவது செஞ்சுக்கணும்னு நினைச்சிருக்கீங்களா?"

"அவ்வளவு தூரம் போகலம்மா."

அவள் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். அவன் பல்லைக் கடித்தான்.

"சூடா இருக்கு, வீங்கியும் இருக்கு. உடம்புக்குள்ள இந்த மாதிரி அழற்சி ஓயாம இருந்தா, சிலருக்கு மனசையும் சேர்த்துக் கீழே இழுத்துடும். ரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஆனா மனச்சோர்வை ரத்தம் மட்டும் காட்டாது. இப்படிப் பேசித்தான் கண்டுபிடிக்கணும். ரெண்டுக்குமே வைத்தியம் இருக்கு."

"என் ரத்தம் எதுக்கும்மா? நோயாளி இவருதானே?"

டாக்டரம்மா மேஜை மேலிருந்த அட்டையைத் திருப்பி வைத்தாள். அதில் எழுதியிருந்தது தம்பியின் பேர்.

"போன வாரமே உங்க அண்ணன் வந்து எல்லாம் சொல்லிட்டாரு. 'அவனுக்கு உடம்பு சரியில்லன்னு கூப்பிட்டா வரமாட்டான், என்னைக் கவிழ்க்கணும்னா ஓடி வருவான்'னு."

தம்பி திரும்பிப் பார்த்தான். அண்ணன் அதற்குள் எழுந்து, நோயாளி உட்காரும் ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்திவிட்டிருந்தான்.

"சூப்பர்வைசர்கிட்ட அந்த இடத்தை உனக்குத்தான்டா கேட்டு வாங்கினேன். உன் சீட்டு வர்றதுக்குள்ள வேற எவனும் உட்கார்ந்துடக்கூடாதுல்ல, அதான் நானே உட்கார்ந்துக்கிட்டேன்."