கரடி ஆடும் காட்சி

"படத்தைத் தாராளமா போட்டுக் காட்டுங்க. பாட்டு மட்டும் வேண்டாம்."

பெரியவர் ஐந்தாவது முறையாக இதையே சொன்னார். படக்காப்பகத்திலிருந்து வந்திருந்தவளின் கையில் சம்மதப் படிவம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது.

"ஐயா, இது ஊமைப்படம். வாத்தியம் இல்லாம போட்டா ஜனங்க இருமுறதுதான் கேக்கும்."

"இருமட்டும்."

"ஒரே ஒரு வயலின்தான். கேசட்ல கொண்டு வந்திருக்கேன். கேட்டுட்டுச் சொல்லுங்களேன்."

"வேண்டாம்மா."

பதினோரு வருடங்களாக அவள் தேடிய படம். நாயும் வாத்தும் கரடியும் நடித்த பதினெட்டு நிமிட நகைச்சுவை. தொலைந்தே போனது என்று புத்தகங்களில் எழுதிவிட்டார்கள். போன மாதம் வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்த பெரியவரின் மகள்தான், பழைய போர்வைக்குள் சுற்றியிருந்த டப்பாவைக் கண்டெடுத்துக் காப்பகத்துக்குப் போன் செய்தாள். படமெடுத்த மிருகப் பயிற்சியாளரின் ஒரே மகனான பெரியவரோ, அறுபத்தைந்து வருடமாக அதைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

"அவரை விடுங்க மேடம்," என்றாள் மகள். "பாட்டுன்னாலே அவருக்கு வேப்பங்காய். என் கல்யாணத்துல கச்சேரி முடியற வரைக்கும் கார்லயே உக்காந்திருந்த மகராசன்! நீங்க படத்தைப் போடுங்க."

காப்பகத்தவள் கழுவிச் சுத்தம் செய்த படத்தை வீடியோவில் ஏற்றிக் கொண்டு வந்திருந்தாள். டிவியில் கறுப்பு வெள்ளை அசையத் தொடங்கியது.

தொப்பி போட்ட நாய் மாப்பிள்ளை. முக்காடு போட்ட வாத்து பெண். மோதிரத்தை வாத்து விழுங்கிவிட, நாய் அதைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியது. அப்புறம் விருந்தாளியாக வந்தது ஒரு குட்டிக் கரடி. இடது காலைத் தூக்கியது. அதை வைப்பதற்குள் வலது காலைத் தூக்கியது. இரண்டையும் ஒன்றாகத் தூக்கப் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தது.

மகளும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தோலைப் பாருங்களேன், அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்ட மாதிரி!" என்றாள் காப்பகத்தவள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே டீ போட உள்ளே போனாள். காப்பகத்தவள் கரடி தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"எப்படிய்யா பழக்கினார் உங்கப்பா?"

பெரியவர் குனிந்து தன் கம்பளிக் காலுறைகளைப் பார்த்தார். அந்தப் புழுக்கத்திலும் அவற்றைக் கழற்றாமல் இருந்தார்.

"தகரத் தகடு. அதுக்குக் கீழ கரி நெருப்பு."

அவளுடைய சிரிப்பு பாதியில் சிக்கிக்கொண்டது.

"அப்பா பக்கத்துல நின்னு வயலின் வாசிப்பார். சூடு தாங்காம கால் மாறும். பத்து நாள் அப்படி. அதுக்கப்புறம் நெருப்பே வேண்டாம். வயலின் கேட்டாலே போதும், கால் தானா எழும்பிடும்."

கன்னத்தில் இன்னும் சிரிப்புக் கண்ணீர் ஈரமாக இருந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் அவசரமாகத் துடைத்தாள்.

"தெரியாம சிரிச்சுட்டேன், ஐயா."

"சிரிக்கத்தானேம்மா எடுத்தாங்க. கொட்டகையே அப்படித்தான் சிரிச்சுது. நானும் உக்காந்து பாத்தேன். ஜனங்க கைதட்டினப்போ அப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கலை." பெரியவர் குரல் தணிந்தது. "அந்தப் பெருமையை நினைச்சாத்தான் இன்னிக்கும் கூசுது."

அவள் எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள். "அப்புறம் அந்தக் கரடி என்னாச்சு?"

"வளர்ந்துடுச்சு."

அவள் பேனாவை எடுத்து, படிவத்தில் 'இசையுடன்' என்ற சொல்லை அழுத்தி அடித்தாள். பெரியவர் கையெழுத்துப் போட்டார். ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவர்போல் நாற்காலியில் சாய்ந்தார்.

டீயோடு வந்த மகள், தட்டை வைக்கும்போதே மேசைமேலிருந்த டேப் ரெக்கார்டரைப் பார்த்துவிட்டாள்.

"இதுதானா நம்ம படத்துப் பாட்டு? எங்கே, நானாவது கேக்கறேன்!"

"வேண்டாங்க, அதை..." என்று இவள் கை நீட்டுவதற்குள் மகள் பொத்தானை அழுத்திவிட்டாள். ஒற்றை வயலின் துள்ளிக்கொண்டு கிளம்பியது.

பெரியவர் கண்களை இறுக மூடி, நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டார். கம்பளிக் காலுறை போட்ட இடது கால் தரையைவிட்டு எழும்பியது. அது இறங்குவதற்குள் வலது கால் எழும்பியது. மறுபடி இடது. மறுபடி வலது.

"ஐயோ அப்பா!" மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அச்சு அசல் அந்தக் கரடியேதான்!"