பலாப்பிசுக்கு

குடியிருப்பில் நடந்த சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாமில், மாமனார் தணிகாசலத்தின் விரலைக் குத்திப் பார்த்தபோது நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது. வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் வினோதினி வெடித்தாள்.

“திருடித் தின்னீங்களா மாமா? வெக்கமா இல்ல?”

நர்ஸ் அவர் விரலை முகர்ந்து பார்த்தாள். “பலாச்சுளை எடுத்த கையா? சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க ஐயா.”

கழுவிய பின் நூற்றிருபதுதான்.

மாசமாக இருக்கும் மருமகள் ஆசைப்பட்டாளென்று, சற்றுமுன் அவர் கொட்டை நீக்கிக் கொடுத்த சுளைகள். ஒன்றுகூட அவர் வாயில் போடவில்லை. அந்த இனிப்பு இன்னும் அவள் நாக்கில் இருந்தது. அவளால் தலை நிமிர முடியவில்லை.

தணிகாசலம் அடுத்த விரலை அவளிடமே நீட்டினார்.

“சந்தேகமா இருந்தா இதுலயும் பாக்கச் சொல்லும்மா.”