இரண்டு கிலோ கூடுதல்

ஒற்றைப் பிள்ளை நாலு பேரோடு பழகட்டுமே என்று, பார்சல் ஆபீஸ்காரர் ஞாயிறுதோறும் மகளைப் புதுப் பார்க் ஒன்றுக்கு அழைத்துப்போவார். இந்த வாரப் பார்க்கில் ஈ காக்கை இல்லை. அவர் தன் செருப்பு வாரை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, சீசாப் பலகையின் ஒரு முனையில் மகள் உயரத்தில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். மறுமுனை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் யாருமில்லை.

துருப்பிடித்துச் சிக்கியிருக்கும் என்று மகளின் பக்கத்தை அழுத்தினார். வழுக்கிக்கொண்டு இறங்கியது; கையை எடுத்ததும் மேலே போனது. நாளெல்லாம் பார்சல் தூக்கி எடைபோடுகிற கை அது. எதிர்ப்பக்கம் மகளைவிட இரண்டு கிலோ கூடுதல் என்றது.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்," என்றார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

மகள் மறுமுனையைப் பார்த்துத் தலையாட்டினாள். பலகை மெல்ல, மிக மெல்லத் தாழ்ந்து அவளை இறக்கிவிட்டது.

"நம்ம வீட்டுல சீசாப் பலகை இல்லைன்னு சொல்லிட்டேன்ப்பா," என்றாள். "பரவாயில்லையாம்."